இருபத்து மூன்று பேர் போட்ட கோட்டு

...இல்லை, எரித்துவிட்டேன் என்று சொல்லிவிடுவதுதான் நல்லது, எரித்த பொருளை யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள், ஆனால் எங்கே எரித்தீர்கள் என்று கேட்டால், கொல்லையில் என்றால் பக்கத்து வீட்டுக்குப் புகை தெரிந்திருக்குமே... என்று ஸ்டுடியோக்காரர் பொய்க்குக் கால், கை ஒட்டிக்கொண்டிருந்தபோதே திரைக்குப் பின்னாலிருந்து அவர் மனைவி போட்டு உடைத்துவிட்டாள். "பெட்டிக்கு அடியிலதான் இருக்கு, எடுத்துக் குடுங்களேன். ஒம்பது வருஷமா பாச்சை உருண்டை வாங்கிப் போட்டு வளக்குறோம்." அவருக்குப் பொய் வராது என்பது தெருவுக்கே தெரியும், அவருக்கு மட்டும்தான் தெரியாது. எதிரே ஸ்டூலில் அந்தப் பெண், இருபத்திரண்டு வயசு, மடியில் வேலைக்கான விண்ணப்பம், ஏதோ மழைக்குக் குடை இரவல் கேட்பதுபோல அல்லவா கேட்டுவிட்டாள், "அப்பா போட்டிருந்த கோட்டு இருக்கா மாமா?" என்று.

பெட்டியைத் திறந்ததும் அந்த நெடி, நெடிக்குள்ளே கருநீலமாக அது, மடித்தது மடித்தபடி... கல்யாணத்துக்குத் தைத்த கோட்டு என்பார் அவர், மாமனார் தைத்துக் கொடுத்தது என்பாள் மனைவி, எப்படியோ ஊருக்கெல்லாம் அதுதான் கோட்டு. துறைமுகத்தில் வேலை என்று ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அறிவிப்பு வந்தபோது கோட்டு போட்ட போட்டோ வேண்டும் என்று அதில் போட்டிருந்தது, யாரிடம் இருந்தது கோட்டு, ஆணியில் தொங்கிய இது ஒன்றுதான். ஒல்லியோ குண்டோ அதற்குள் நுழைய வேண்டியதுதான், தொளதொளவென்று இருந்தால் முதுகுப் பக்கம் துணி காயப்போடும் கிளிப்பை மாட்டி இறுக்குவார், முன்னால் பார்த்தால் மாப்பிள்ளை, பின்னால் பார்த்தால் கொடிக்கயிறு. தேர்வானவர்கள் எல்லோரும் ஒரே ரயிலில் போனார்கள். நடு ஆற்றில் பாலம் ரயிலோடு இறங்கிவிட்டது. நாடு முழுக்கக் கொடியை இறக்கினார்கள், வானொலியில் மூன்று நாள் வெறும் வாத்திய இசை, நான்காம் நாள் பத்திரிகையில் பக்கம் பக்கமாக முகங்கள், விண்ணப்பத்தில் ஒட்டிய அதே போட்டோக்கள்...

அந்த முகங்களில் இருபத்து மூன்று பேர் அவருடைய கோட்டைப் போட்டிருந்தார்கள். முதலில் எண்ணியது பக்கத்துக் கடை முடிதிருத்துபவர்தான், எண்ணியவர் வாயை மூடிக்கொண்டு இருக்கலாம் அல்லவா, "என்னப்பா, பூரா உன் கோட்டாவே இருக்கு" என்றார், அன்று மாலைக்குள் அது ஆகாத கோட்டு ஆகிவிட்டது. அதைக்கூட அவர் தாங்கிக்கொண்டார். இந்தப் பெண்ணின் அம்மா பேப்பரைக் கையில் பிடித்துக்கொண்டு, "இது யாரு? எங்க வீட்டுக்காரர் இப்படி உம்முனு இருந்ததே இல்லையே" என்று கேட்டாளே, அதைத்தான்... உம்மென்று இருக்கச் சொன்னது யார்? சிரிக்காதீங்க, சிரிச்சா திருப்பி அனுப்பிடுவான், மூச்சைப் பிடிச்சுக்குங்க. இருபத்து மூன்று பேரிடமும் அதே வார்த்தை. மூச்சைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி ஆற்றுக்கு அனுப்பியவன் என்று யாரும் அவரைச் சொல்லவில்லை, சொல்லாத ஒன்றை ஒன்பது வருஷமாக அவரேதான் தனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அன்றிலிருந்து அந்த வார்த்தை அவர் வாயில் வரவில்லை, ஒன்றும் சொல்லாமல் திடீரென்று கேமராவை அமுக்கிவிடுவார், அதனால்தான் இந்தத் தெருவில் பாதிப் பேர் அடையாள அட்டையில் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறோம்.

கோட்டு அவளுக்கு விரல் நுனிவரை வந்தது. மூன்று கிளிப், நான்கு, ஐந்து... "அப்பாவுக்கு எத்தனை மாமா?" என்றாள். "ஒண்ணுகூட இல்லம்மா. பொத்தானே பூட்டல. வயித்த எக்கிக்கோன்னு சொன்னா எக்குவாரு, அப்புறம் சிரிப்பாரு, அவ்வளவுதான், பொத்தான் விட்டுக்கும்." அவள் சிரித்தாள், தோள் குலுங்கியது, கிளிப் ஒன்று தெறித்து விழுந்தது, குனிந்து எடுத்தார், எடுத்த சாக்கில் நிமிராமலே கேட்டார், "நேர்காணலுக்கு ரயில்லயா போறே? பஸ்ஸு இருக்கே?" "பஸ்ல எனக்கு வாந்தி வரும். எங்கம்மா ஒம்பது வருஷமா ஆத்தத் தாண்டல மாமா. சித்தி வீட்டுக் கல்யாணத்துக்கும் போகல, அந்தச் சண்டையே இன்னும் ஓயல. வீட்ல யாராவது ஒருத்தர் தாண்டணும்ல." புதுப் பாலம் தாங்குமா? தாங்கும் என்றுதானே பழையதையும் சொன்னார்கள்... இந்தக் கோட்டை நான் கொடுக்காவிட்டால் இவள் போகாமல் இருந்துவிடுவாளா, வேறு கோட்டு கிடைக்காதா, நான் காப்பாற்றப் பார்ப்பது இவளையா, என்னையா?

விளக்கைப் போட்டார். அவள் கழுத்து விறைத்தது, அவளாகவே மூச்சைப் பிடித்துக்கொண்டாள், யாரும் சொல்லித்தரவில்லை, அப்படித்தான் உட்காருவார்கள் போலிருக்கிறது மனிதர்கள் கேமராவுக்கு முன்னால். "விட்டுடு" என்றார். "என்னது?" "மூச்சை விட்டுடும்மா." விட்டாள், தோள் இறங்கியது, உதடு ஒரு பக்கமாகக் கோணியது, அமுக்கிவிட்டார். கேமராத் திரையில் எட்டிப் பார்த்தாள். "இது ஆபீசுக்கு ஆகாது மாமா, வேற எடுங்க. ஆனா இத அழிச்சுடாதீங்க, இது வீட்டுக்கு." வீட்டுக்கு... மூச்சை விட்ட முகம்தான் வீட்டுக்கு, அப்படியென்றால் அன்றைக்கும் அமுக்கியதற்கு அடுத்த நொடி என்று ஒன்று இருந்ததே, ஒவ்வொருவரும் பிடித்த மூச்சை இந்த ஸ்டூலிலேயே விட்டிருப்பார்களே, முகம் தளர்ந்திருக்குமே, அவள் அப்பா கட்டாயம் சிரித்திருப்பாரே, இருபத்து மூன்று முகம், நாட்டில் யாருக்கும் கிடைக்காத முகம், எனக்கு எதிரே, இரண்டடி தூரத்தில்... பார்த்தேனா? அல்லது அடுத்த ஆளைக் கூப்பிட வாசல் பக்கம் திரும்பிவிட்டேனா? "மாமா, எடுக்கலையா?" என்றாள் அவள். "இரும்மா," என்றார், கேமராவை விட்டு அவள் முகத்தைப் பார்த்து, "ஒரு நிமிஷம் அப்படியே இரு."