வண்டித் தரையில் ஓடிய சாலை

டிங்கரின் பட்டறையில், சக்கரமும் எஞ்சினும் கழற்றப்பட்டு நான்கு மரக்கட்டைகளின் மேல் நின்ற பழைய பிக்கப் வண்டியின் தரையில், ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில், ஓர் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை விழுந்திருந்தது. குனிந்து பார்த்தால் அதன் வழியாகச் சாலை ஓடிக்கொண்டிருந்தது. பட்டறையின் எண்ணெய்க் கறை படிந்த சிமென்ட் தரை அல்ல, நல்ல தார்ச்சாலை. வெள்ளைக்கோடு விட்டு விட்டு வந்தது, ஓரத்துப் புல் வந்தது, எப்போதாவது ஒரு சிறு கல் தெறித்து வந்து தகட்டில் 'டங்' என்று மோதியது. வேகம் முப்பத்தைந்து இருக்கும் என்று டிங்கர் மதிப்பிட்டார். முதலில் பார்த்தபோது வெல்டிங் புகையில் தலை சுற்றுகிறதாக்கும் என்று நினைத்து, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி பார்த்தார். சாலை ஓடியது. வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். அங்கிருந்து பார்த்தால் ஓட்டையும், ஓட்டைக்கு மேலே கேபின் கூரையும்தான் தெரிந்தன. சரி, தரையைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று கதவு வேலைக்குப் போய்விட்டார். கதவின் அடிப்பாகத்தையும் துரு தின்று முடித்திருந்தது, அதில் ஒரு வாரத்து வேலை இருந்தது.

வண்டி தபால்காரம்மாவுடையது. சரியாகச் சொன்னால் அவர் வீட்டுக்காரருடையது. அவர் முட்டை வியாபாரம் செய்தவர், அந்த வண்டியில் பத்தொன்பது வருடம் கடை கடையாக முட்டை போட்டவர். ஒரு நாள் காலை இருநூறு தட்டு முட்டையுடன் கிளம்பினார். மறுநாள் ஊருக்கு வெளியே சாலை ஓரத்தில் வண்டி மட்டும் நின்றது. கதவு திறந்து கிடந்தது, எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, ஒரு முட்டைகூட உடையவில்லை. ஆளைக் காணோம். போலீஸ் தேடியது, உறவுக்காரர்கள் தேடினார்கள், பிறகு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். தபால்காரம்மா வண்டியை வீட்டுப் பக்கவாட்டில் நிறுத்திவிட்டுச் சைக்கிளில் தபால் பட்டுவாடாவைத் தொடர்ந்தார். ஏழு வருட மழை வண்டியின்மேல் பெய்தது. முழங்கால் இனி சைக்கிள் மிதிக்காது என்று டாக்டர் சொன்ன வாரம், அவர் ஓட்டுநர் பயிற்சியில் சேர்ந்தார். அதே வாரம் வண்டியை ஒரு லாரியின் பின்னால் கட்டி இழுத்துவந்து பட்டறையில் விட்டார்.

ஓட்டையைப் பற்றி அவரிடம் எப்படிச் சொல்வது என்று டிங்கர் இரண்டு நாள் யோசித்தார். கடைசியில் சொல்லாமலே கேபின் கதவைத் திறந்து காட்டினார். தபால்காரம்மா சீட்டில் முழங்காலை ஊன்றிக் குனிந்து வெகுநேரம் பார்த்தார். கீழே ஒரு வேகத்தடை வருகிறது போலும், சாலை வெகு முன்னதாகவே மெதுவானது, பச்சைக் குழந்தையைத் தொட்டிலில் கிடத்துகிற மாதிரி மேட்டில் ஏறி இறங்கியது, மறுபடி முப்பத்தைந்துக்கு வந்தது.

"இது எங்க வீட்டுக்காரர் ஓட்டுறதுதான்" என்றார். "முட்டை ஏத்தி ஏத்தி வேற மாதிரி ஓட்டவே வராது அவருக்கு."

வண்டி இங்கே இருக்கும்போது அவர் எதை ஓட்டுகிறார் என்று டிங்கர் கேட்கவில்லை. வண்டியே இல்லாமல் ஏழு வருடம் ஓட்டிக்கொண்டிருக்க முடியுமா என்றால், முட்டைக்காரரைத் தெரிந்தவர்கள், அவர் பிடிவாதத்துக்கு அது ஒன்றும் பெரிய காரியமில்லை என்றுதான் பிற்பாடு சொன்னார்கள்.

மற்ற வேலையெல்லாம் நான்கு மாதத்தில் முடிந்தது. துருவை நல்ல தகடு தெரிகிறவரைக்கும் வெட்டி எறிய வேண்டும், மிச்சம் வைத்துப் பட்டி பூசினால் ஆறே மாதத்தில் பெயின்ட் கொப்புளித்துக் காட்டிக்கொடுத்துவிடும். டிங்கர் அந்த விஷயத்தில் ஈவிரக்கம் பார்க்காதவர். இரண்டு மட்கார்டும் வெட்டி, புதுத்தகடு வளைத்து வைத்தார். பானெட்டின் மூக்கைத் தட்டித் தட்டி நேராக்கினார். பின்தொட்டியின் பலகைத் தகடுகளைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்துப் பெயின்டர் கையில் கொடுத்தார். தரை மட்டும் வழிக்கு வரவில்லை. ஓட்டையைச் சுற்றி வெட்டிச் சதுரமாக்கி, அளவாகத் தகடு வைத்து வெல்டிங் செய்தார். சூடு ஆறுவதற்குள் தகடு கழன்று கீழே சாலையில் விழுந்து, சத்தம்போட்டு உருண்டு பின்னால் போய் மறைந்தது. பித்தளையை உருக்கி ஊதிப் பற்றவைத்தார், விழுந்தது. ரிவெட் அடித்தார், ரிவெட்டோடு விழுந்தது. ஒவ்வொரு தடவையும் நல்ல தகடு தேடி வெட்டியதில் ஓட்டை இப்போது ஒரு ஜன்னல் அளவுக்கு வந்திருந்தது.

"அந்தப் பக்கம் எவனோ பின்னாடியே வந்து பொறுக்கிட்டு இருக்கான்ணே" என்றார் பெயின்டர். "நம்ம தகட்டுலயே அவன் ஒரு வண்டி கட்டியிருப்பான்."

இந்தச் செய்தி முட்டைக்காரரின் அக்காவுக்குப் போனது. அதாவது தபால்காரம்மாவின் நாத்தனாருக்கு. அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கினார். ஓட்டையைப் பார்த்ததும் "தம்பீ!" என்று ஒரு கூப்பாடு போட்டார், மூன்று கடை தள்ளி இருந்தவர்களெல்லாம் ஓடிவந்தார்கள். சாலை நிற்கவில்லை. ஓட்டையை அடைக்கவே கூடாது, அடைத்தால் தம்பிக்கு மூச்சு முட்டும் என்று நாத்தனார் ஒற்றைக்காலில் நின்றார். மறுநாளிலிருந்து ஒரு முக்காலியைக் கொண்டுவந்து, காலையில் பட்டறை திறந்ததும் கேபின் வாசலில் போட்டு உட்கார்ந்துகொள்வார், சாயங்காலம் எழுந்து போவார். அங்கே மழை பெய்தால் பட்டறைக்குள் சேறு தெறித்தது. நாத்தனார் குடை பிடித்து உட்கார்ந்திருந்தார். ஒரு மாதம் முழுக்க மலைப்பாதை வந்தது, அப்போது அவருக்குத் தலைசுற்றி வாந்தி வந்தது. கடலோரமாகப் போன நாட்களில் வண்டிக்குள் மணல் சேர்ந்தது, பெயின்டர் அதைக் கூட்டி எடுத்துத் தன் வீட்டுச் சுவர் பூச்சுக்குக் கலந்துகொண்டார்.

"நீ ஒரு கடிதாசி எழுதிப் போடேம்மா, படிச்சா திரும்பி வருவான்ல" என்றார் நாத்தனார் ஒருநாள்.

"ஓடுற ரோட்டுக்கு என்ன விலாசம் எழுதறது, அண்ணி?" என்றார் தபால்காரம்மா.

தபால்காரம்மா தினமும் மூன்று மணிக்கு, பஸ்ஸும் நடையுமாகப் பட்டுவாடா முடித்துவிட்டு வருவார். காலிப் பையை ஆணியில் மாட்டுவார். ஓட்டையை ஒரு தடவை எட்டிப் பார்ப்பார், அடுப்பில் சோறு வெந்ததா என்று பார்க்கிற பார்வைதான். பிறகு டிங்கர் வேலை செய்கிற பக்கம் போய் உட்கார்ந்து, அன்றைக்கு எந்த வீட்டில் எந்த நாய் துரத்தியது, யார் வீட்டுக்கு வெளிநாட்டுத் தபால் வந்தது என்று பேசிக்கொண்டிருப்பார். டிங்கர் மனைவியை இழந்து பதினொரு வருடம் ஆனவர், அதிகம் பேசாதவர். மூன்று மணி வேலைகளாக அவர் சுத்தியல் அடிக்காத வேலைகளையே எடுத்து வைத்துக்கொண்டார் என்பதைப் பெயின்டர்தான் முதலில் கவனித்தார். இன்னொன்றையும் கவனித்தார். "தெருவே உங்கள அண்ணேன்னு கூப்பிடுது. அந்தம்மா மட்டும் மாஸ்டர்ங்குது. ரெண்டு வருஷத்துல வாய் தவறிக்கூட ஒரு அண்ணே வரல." டிங்கர் கிரைண்டரைப் போட்டார்.

உண்மை என்னவென்றால், ஓட்டை அடைபடாதது அவருக்கு வருத்தமாக இல்லை. அடைபட்டால் வண்டி போய்விடும், வண்டி போனால் மூன்று மணிக்கு ஆணியில் பை தொங்காது. ஆனால் ஒரு பெண் தன் வண்டியில் தானே ஏறிப்போக ஆசைப்பட்டுக் கொடுத்த வேலையை இரண்டு வருடமாக முடிக்காமல் வைத்திருக்கிறோமே என்பதும் உறுத்தியது. அவர் வாழ்க்கையில் எந்த வேலையையும் இழுத்தடித்தவர் அல்ல. அதனால் மாதம் ஒரு தடவை, மனசாட்சிக்குப் பயந்து, புதுத்தகடு வெட்டி வைத்து வெல்டிங் செய்வார். அது விழுந்ததும் முகத்தைக் கவலையாக வைத்துக்கொள்வார்.

அந்த மூன்றாவது வருடத் தொடக்கத்தில் ஒரு மத்தியானம், எல்லோரும் ஒரே நேரத்தில் தலையை நிமிர்த்தினார்கள். பட்டறையில் ஏதோ குறைந்திருந்தது. இரண்டு வருடமாகக் கேட்டுக் கேட்டுக் காதுக்குப் பழகிப்போன சாலைச் சத்தம் மாறியிருந்தது. தார் முடிந்து சரளைக்கல் வந்தது. சரளை முடிந்து செம்மண் வந்தது. ஒரு கேட்டின் கம்பி நிழல் ஓட்டையைக் கடந்து போனது. பிறகு சாலை நின்றது.

நாத்தனார் முக்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். அப்போதுதான் உள்ளே நுழைந்த தபால்காரம்மா பையை மாட்டாமலே வந்து குனிந்தார். டிங்கர் அவர் தோளுக்குப் பின்னால் நின்றார். கீழே, செம்மண்ணில், மேலிருந்து ஒரு வலதுகால் இறங்கியது. கட்டைவிரலில் நகம் இல்லை. ஜாக்கி நழுவி விழுந்து போன நகம் அது, அன்றைக்கு மருந்து வைத்துக் கட்டியவரே தபால்காரம்மாதான். இடதுகாலும் இறங்கியது. எங்கோ பக்கத்தில் ஒரு கதவு திறக்கிற சத்தம் கேட்டது. ஒரு பெண்குரல், கோபமும் இல்லாமல் ஆச்சரியமும் இல்லாமல், "வந்துட்டீங்களா? ஏன் இவ்ளோ நேரம்?" என்றது.

"ரோடு சரியில்ல" என்றார் முட்டைக்காரர்.

கால்கள் நடந்து போயின. கதவு சாத்திக்கொண்டது. ஓட்டையில் செம்மண்ணும், மேய வந்த ஒரு கோழியும் மட்டும் மிச்சமிருந்தன.

அந்தப் பத்தொன்பது வருடத்தில் முட்டைக்காரர் தாமதமாக வந்த ஒவ்வொரு சாயங்காலமும் தபால்காரம்மா கேட்ட அதே பதில்தான் அது. ஒரு எழுத்து மாறவில்லை. தபால்காரம்மா நிமிர்ந்து, பானையிலிருந்து தண்ணீர் மொண்டு குடித்தார். இரண்டாவது சொம்பும் குடித்தார். அதில் கொஞ்சம் புடவையில் கொட்டியது. டிங்கர் கையில் இருந்த உப்புத்தாளை நான்காக மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார்.

"எவ அவ?" என்று நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டார். "எவடீ அவ, என் தம்பிய ஏன்னு கேக்கறவ?"

"யாரா இருந்தா என்ன, அண்ணி. அவர் போய்ச் சேர்ந்துட்டார்" என்றார் தபால்காரம்மா. "மாஸ்டர், நீங்க மூடிடுங்க."

வாசலில் பெயின்ட் கலக்கிக்கொண்டிருந்த பெயின்டரின் காதில் 'போய்ச் சேர்ந்துட்டார்' என்பது மட்டும் விழுந்தது. அவர் அதை டீக்கடைக்குக் கொண்டுபோனார். அரைமணி நேரத்தில் தெருவே பட்டறையில் கூடிவிட்டது. ஒன்பது வருடமாகக் காணாமல் இருந்தவர் கடைசியில் காலமாகிவிட்டார் என்ற துக்கத்தில் ஆளாளுக்குத் தொண்டையைச் செருமினார்கள். தையல்காரர் தபால்காரம்மாவின் முன்னால் வந்து நின்று, "நெசமாவா?" என்று கேட்டார்.

தபால்காரம்மா ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. எல்லோரும் நாத்தனாரைப் பார்த்தார்கள். கூடப் பிறந்தவர், அவர் சொன்னால் சரி. நாத்தனார் வாயைத் திறந்தார். தம்பி மனைவியின் முகத்தைப் பார்த்தார், புடவையில் ஈரமாகியிருந்த இடத்தைப் பார்த்தார். அவர் முகம் ஒரு தடவை கோணி, நேரானது.

"ஆமா. போய்ச் சேர்ந்துட்டான்" என்றார். சொல்லிவிட்டு முக்காலியைத் தூக்கிக்கொண்டு, தபால்காரம்மாவின் கையையும் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

மறுநாள் காலை டிங்கர் வேலையை ஆரம்பித்தார். நெருப்புப்பொறி பறந்து அந்தப் பக்கத்து வாசலில் எதையாவது பொசுக்கிவிடக் கூடாது என்று, ஓட்டை வழியாகக் கையை விட்டு அந்தச் செம்மண்ணில் ஓர் ஈரச்சாக்கை விரித்தார். கோழியை விரட்டினார். தகடு பொருத்தி மூன்று பக்கம் வெல்டிங் முடித்தார். தகடு அசையவில்லை. நாலாவது பக்கத்தில் ஒரு விரல்கடை மிச்சம் இருக்கும்போது கண்ணாடியைக் கழற்றி, வாசலில் நின்றிருந்த தபால்காரம்மாவிடம் கேட்டார்: "கடைசியா ஒரு தடவ பாக்கறீங்களா?"

"வேணாம் மாஸ்டர். அங்க இருக்கறது ஒரு வீட்டு வாசல். தினம் இருநூறு வாசல் பாக்கறேன்."

டிங்கர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மிச்சத்தை ஊதி முடித்தார். ஆறியதும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சுத்தியலால் தட்டிப் பார்த்தார். நல்ல கெட்டியான சத்தம்.

மெக்கானிக் வந்து எஞ்சினை ஏற்றினார், சக்கரம் மாட்டினார். பேட்டரி இணைப்பைக் கொடுத்ததும் கிலோமீட்டர் காட்டுகிற மீட்டர் தானாகச் சுற்ற ஆரம்பித்து, காலையிலிருந்து மத்தியானம் வரை சுற்றிவிட்டு நின்றது. தகுதிச்சான்றுக்கு வண்டியைப் பார்க்க வந்த வாகன ஆய்வாளர் அந்த எண்ணைப் படிவத்தில் எழுதிக்கொண்டு, "நிறைய ஓடியிருக்கு போல" என்றார். "ஆமாங்க, இதுவரைக்கும்" என்றார் தபால்காரம்மா. ஆய்வாளர் முத்திரை குத்தினார்.

வண்டியை எடுத்துப்போக வந்த அன்று மூன்று மணி. தபால்காரம்மா ஓட்டுநர் இருக்கையில் ஏறி, பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டு, "ஏறுங்க, வேலை சரியா இருக்கான்னு ஓட்டிப் பாக்கலாம்" என்றார். டிங்கர் கையைத் துடைத்துக்கொண்டு ஏறினார். தெரு முனை தாண்டியதும் தபால்காரம்மா அறுபதைத் தொட்டார். முதல் வேகத்தடையைக் கண்டுகொள்ளவே இல்லை, இருவரும் சீட்டை விட்டு எழும்பி விழுந்தார்கள். டிங்கர் பயந்துபோய் இரண்டு காலையும் தரையிலிருந்து தூக்கிக்கொண்டார்.

"காலை நல்லா ஊனி உக்காருங்க" என்றார் தபால்காரம்மா, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நீங்க போட்ட தகடுதானே."