சிவப்புப் புள்ளி

டமால்! சிவசக்தி எழுந்த வேகத்தில் அவளுடைய நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. பதுளை மண்டபமே திரும்பிப் பார்த்தது.

அவள் பார்வை திரையில் இருந்தது. கொழும்பிலிருந்து வந்த ஆய்வாளர் ஜெஸீம் பல நாடுகளைப் புள்ளிகளாக வைத்து ஒரு கோடு இழுத்திருந்தார். வருமானமும் தட்டில் பால், பருப்பு, மீனும் கூடக்கூட, கொலையும் குத்துவெட்டும் குறைகின்றன என்றது கோடு. கொலை மிகுந்த அதன் உச்சியில் சிவப்பாய் ஒரு புள்ளி. நமுனுகுல மலையில் அவள் பிறந்த தோட்டம்! 'ஆண்களில் பாதிப்பேர் கத்தியால் வெட்டியவர்கள்' என்று கீழே குறிப்பு வேறு. மாலையில் அறிக்கை வெளியாகிறது. அப்புறம் அந்தத் தோட்டத்துப் பிள்ளைக்கு எந்தக் கடையில் வேலை கிடைக்கும்?

"சேர், எங்க தோட்டத்து ஆளுங்க சொன்னதைப் போட்டுக் காட்டுங்க."

ஜெஸீம் ஒலிப்பதிவைத் தட்டினார்.

"வெட்டியிருக்கீங்களா?" என்றது கேள்வி கேட்கப் போன பையனின் குரல். ஒரு பெரியவரின் குரல் பதில் சொன்னது.

"நான் வெட்டாம வேற யாரு தம்பி வெட்டுறது? தொரையே கூப்பிட்டு வெட்டச் சொல்வாரு. ஒரே வெட்டுதான். ரெண்டாவது வெட்டு போட்டா கைக்கு மரியாதை இல்ல!"

முன்வரிசையில் ஓர் அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார். சிவசக்தியோ விழுந்து விழுந்து சிரித்தாள்.

"இது கவ்வாத்து சேர்! தேயிலைச் செடியை மட்டமா வெட்டி விடுறது. கொழும்புப் பையன் மனுசனைக் கேட்டான். இவரு செடியைச் சொல்லிட்டாரு."

"அப்ப அங்க சண்டையே இல்லையா? எல்லாரும் சாமியாரா?"

"சண்டையா? வாய்ச்சண்டை மூணு லயத்து வீட்டு வரிசைக்குக் கேக்கும். ஆனா அந்தக் கத்தியை ஆயுத பூசைக்குப் பொட்டு வச்சுக் கும்பிடுறோம். ஆள் மேல ஓங்குனவனைக் கவ்வாத்துக்கே சேத்துக்க மாட்டாங்க."

"சாப்பாடு?"

"ரொட்டியும் சம்பலும்தான். நல்ல சாப்பாடு வேணும், கேட்டு வாங்குவோம். அதுக்காக எங்களைக் கொலைகாரன்னு எழுதாதீங்க."

ஜெஸீம் தலையைச் சொறிந்தார். "புள்ளி அடியில விழுந்தா என்ட கோடு கெட்டுப் போகுமே, மிஸ்."

"கெடட்டும் சேர்!"

அவர் சிவப்புப் புள்ளியைக் கோட்டுக்குக் கீழே அடிமட்டத்துக்கு இழுத்து விட்டார். மண்டபம் கைதட்டியது.

"இவ்வளவு அடிச்சுச் சொல்றீங்களே, பதிவுல பேசுற அந்த ஆள் யாரெண்டு தெரியுமா?" என்று கேட்டார் ஜெஸீம்.

சிவசக்தி நிமிர்ந்து நின்றாள்.

"எங்கப்பா சேர். அந்தக் கை வெட்டுன வெட்டுலதான் நான் படிச்சு வந்து உங்க முன்னாடி நிக்கிறேன்."