ஆறு மணிக் கெட்டில்

என் மகன் என்னை ஏமாற்றினான் என்று சொன்னால் உறவில் ஒருவரும் நம்புவதில்லை. "உன் பையனா? தங்கமான பையனாச்சே" என்கிறார்கள். நானும் அப்படித்தான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதனால்தான் இத்தனை வயிற்றெரிச்சல்.

நான் பஸ் கண்டக்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். டிப்போவில் என்னை விசிலக்கா என்பார்கள். கொடுத்த விசிலை நான் ஊதியதே கிடையாது. இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு சீழ்க்கை அடித்தால் கடைசி சீட்டில் தூங்குகிறவன்கூட எழுந்து இறங்கிவிடுவான். ஏமாற்றுகிறவர்களைப் பார்த்துப் பார்த்தே என் காலம் போனது. முடிந்துபோன பாஸை நீட்டும்போது கட்டைவிரலைச் சரியாகத் தேதியின் மேல் வைத்திருப்பார்கள். முகத்தில் மட்டும் அப்படியொரு அப்பாவித்தனம். நான் முகத்தைப் பார்க்கவே மாட்டேன். "விரலை எடு" என்பேன். அவ்வளவுதான், ஆள் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுவான்.

கணவர் போன பிறகு வீட்டில் நான் மட்டும்தான். மகன் வேறு ஊரில் வேலை பார்க்கிறான், ரயிலில் மூன்று மணி நேரம். தினமும் காலையில் ஸ்டேஷனுக்கு நடக்கும்போது ஃபோன் செய்வான்.

"எந்திரிச்சியாம்மா?"

"இல்லடா, போய்ச் சேர்ந்துட்டேன். பேய்தான் பேசுது."

"பேய்க்கு முட்டி வலி எப்படி இருக்கு?"

இவ்வளவுதான் பேச்சு. சில நாள் இதற்குள்ளேயே சண்டையும் போட்டுவிடுவோம். ஆனாலும் அந்த இரண்டு நிமிடத்தை வைத்துத்தான் எனக்குப் பொழுது விடியும்.

இன்னொரு காவலும் இருந்தது. எங்கள் சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு நர்ஸ் குடியிருக்கிறாள். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது சுவரில் இரண்டு தட்டு தட்டுவாள். நானும் கரண்டியால் இரண்டு தட்டு தட்டுவேன். பதில் வராவிட்டால் திறந்துகொண்டு வந்துவிடுவாள், என் வீட்டு மாற்றுச் சாவி அவளிடம்தான் இருந்தது.

அப்போதுதான் தெருவெல்லாம் ஸ்மார்ட் மீட்டர் மாட்டிக்கொண்டு வந்தார்கள். என் வீட்டுக்கு வந்த ஆளை நான் சும்மா விடவில்லை. வாசலில் என்ன மாட்டுகிறார்கள் என்று தெரியாமல் கையெழுத்துப் போடுகிறவள் நான் இல்லை.

"பழைய மீட்டர்ல ஆள் வந்து எண்ணைப் பார்த்து எழுதிட்டுப் போவாரு இல்லம்மா? இதுக்கு ஆளே வேண்டாம். அரை மணிக்கொரு தடவை எவ்வளவு கரன்ட் போச்சுன்னு தானே குறிச்சு வச்சுக்கும். உள்ள ஒரு சிம் இருக்கு. அன்னன்னைக்குக் கணக்கை ராத்திரி மொத்தமா ஆபீஸுக்கு அனுப்பிடும்."

"நாங்க நாள் பூரா டிக்கெட் கொடுத்துட்டு ராத்திரி டிப்போல பையை ஒப்படைக்கிற மாதிரி."

"அதே மாதிரிதான்" என்று சிரித்தார். பிறகு உள்ளங்கையளவு ஒரு சின்னப் பெட்டியைச் சமையலறை அலமாரியில் வைத்தார். "இது வீட்டுக்குள்ள இருக்கிறவங்களுக்கு. இந்த நிமிஷம் எவ்வளவு போகுதுன்னு மீட்டர் இதுக்கு மட்டும் உடனே சொல்லும். கம்மியா ஓடினா பச்சை, ஜாஸ்தியா ஓடினா சிவப்பு."

"ஃபேன் ஓடுது, ஃப்ரிட்ஜ் ஓடுதுன்னெல்லாம் தெரியுமா?"

"பேர் எல்லாம் தெரியாதும்மா. மொத்தம்தான் தெரியும். ஆனா கெட்டில் மாதிரி சூடு பண்ற சாமானைப் போட்டா சட்டுன்னு ஏறும். அதை வச்சு நாமளே ஊகிச்சுக்கலாம்."

அந்த வார விடுமுறையில் மகன் வந்தான். பெட்டியைப் பார்த்ததும் அவனுக்கு ஒரே உற்சாகம். ஃபோனில் என்னென்னவோ தட்டினான். "இங்க பாரும்மா, நம்ம வீட்டுக் கரன்ட்டு என் ஃபோன்லயே தெரியும். நீ தினமும் ஆறு மணிக்குக் கெட்டில் போடுவ இல்ல? அப்ப இங்க ஒரு கோடு எழும்பும். எழும்பினா அம்மா எந்திரிச்சாச்சு. எழும்பலைன்னா அடுத்த நிமிஷமே எனக்குத் தெரிஞ்சுடும். உடனே ஃபோன் பண்ணுவேன். எடுக்கலைன்னா கிளம்பி வந்துடுவேன்."

"மீட்டர் மாட்டினவர் ராத்திரிதான் கணக்குப் போகும்னாரேடா."

"அது பில் போடுறதுக்கும்மா. இது ஆப். இது வேற."

கண்டக்டர் புத்தி ஒரு நொடி முணுமுணுத்தது. பெற்ற புத்தி அதை அதட்டி உட்கார வைத்தது. மீட்டர் மாட்ட வந்தவர் சொன்னதைவிட மகன் சொன்னதுதானே பெரிது.

"அப்ப இனிமே காலைல ஃபோன் வேண்டாம் இல்லம்மா?" என்று கேட்டான். "ரயில்ல சிக்னல் கிடைக்கிறதில்ல, ஆபீஸ்லயும் அந்த நேரம்தான் கூப்பிடுறாங்க." எனக்குச் சுருக்கென்றது. காட்டிக்கொள்ளவில்லை. அவன் என்னைப் பார்க்காமல் இருக்கப் போவதில்லையே, வேறு வழியில் பார்க்கப் போகிறான், அதுவும் ஒரு நாள் தவறாமல். சரி என்றேன்.

திமிர் என்று ஒன்று இருக்கிறதே, அது சும்மா இருக்குமா? மறுநாள் நர்ஸிடம் போய்ச் சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். "இனிமே நீ தட்ட வேண்டாம்மா. என் பையன் அங்கிருந்தே பார்த்துக்கறான்" என்றேன். அவள் முகம் வாடியது. "சரிக்கா, இருந்தாலும் சாவி இங்கயே இருந்துட்டுப் போகட்டுமே" என்றாள். "எதுக்கு? உனக்கு ஏன் வீண் சுமை" என்று வாங்கிவந்து சமையலறை ஆணியில் மாட்டினேன்.

அதற்கப்புறம் கெட்டில்தான் எனக்கு ஃபோன். ஆறு மணிக்கு சுவிட்சைப் போடுவேன். அலமாரிப் பெட்டி பச்சையிலிருந்து சிவப்புக்குத் தாவும். "எந்திரிச்சாச்சுடா" என்று பெட்டியைப் பார்த்துச் சொல்வேன். அவன் இப்போது ஸ்டேஷன் படியில் இருப்பான், ஃபோனை எடுத்துப் பார்ப்பான், கோடு எழும்பியதும் பையில் போட்டுக்கொண்டு நடப்பான் என்று நினைத்துக்கொள்வேன். காய்ச்சலில் டீ குடிக்கப் பிடிக்காத நாளில்கூட எழுந்து வந்து வெறும் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிட்டுப் போய்ப் படுப்பேன். பிள்ளை பயந்துவிடக் கூடாதே என்றுதான்.

பழைய டிப்போத் தோழிகளிடம் இதையெல்லாம் பீற்றிக்கொண்டேன். "உங்க பிள்ளைங்க மாசத்துக்கு ஒரு தடவை பேசுவாங்க. என் பிள்ளை தினமும் காலைல நான் கண்ணைத் திறந்தேனான்னு பார்க்கிறான்" என்றேன். ஒருத்திக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

ஒரு நாள் காலை கெட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பினேன். தரையில் எங்கேயோ ஈரம். கால் வழுக்கியது. இடுப்பில் ஏதோ முறிகிற சத்தம் எனக்கே கேட்டது. கெட்டில் உருண்டு கதவோரம் போய் நின்றது. ஃபோன் படுக்கையறையில் இருந்தது. எழ முடியவில்லை, நகரவும் முடியவில்லை.

சொன்னால் சிரிப்பீர்கள், அந்த வலியிலும் எனக்குப் பயமே வரவில்லை. நல்லவேளை, கெட்டில் போடுவதற்கு முன்னால் விழுந்தோம் என்றுதான் நினைத்தேன். போட்டுவிட்டு விழுந்திருந்தால் அல்லவா ஆபத்து, அம்மா நன்றாக இருக்கிறாள் என்று நினைத்திருப்பான். இப்போது கோடு எழும்பாது. அவனுக்குத் தெரிந்துவிடும். நர்ஸ் வேலைக்குக் கிளம்பிப் பூட்டுகிற சத்தம் சுவர் வழியாகக் கேட்டது. கத்தியிருக்கலாம். கத்தவில்லை. மகன் வந்துகொண்டிருக்கும்போது அவளைத் தொந்தரவு செய்வானேன்.

படுக்கையறையில் ஃபோன் அடிக்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன். அடிக்கவில்லை. ரயிலில் இருப்பான் என்று சமாதானம் சொன்னேன். பிறகு, ஃபோன் செய்து நேரத்தை வீணாக்காமல் நேராகக் கிளம்பிவிட்டான் என்று நினைத்தேன். ஜன்னல் வெயில் என் காலைத் தொட்டது, வயிற்றுக்கு ஏறியது, சுவரில் ஏறிப் போயும்விட்டது. ஃப்ரிட்ஜ் ஓடும், நிற்கும். பெட்டியில் எண் கொஞ்சம் ஏறும், இறங்கும். பச்சை விளக்கு மட்டும் அணையவே இல்லை. நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. உடுத்திய துணியிலேயே சிறுநீர் போனது. தலைக்கு நேர் மேலே ஆணியில் அந்தச் சாவி தொங்கியது.

சுவருக்கு அந்தப் பக்கம் குழாய் திறக்கிற சத்தம் கேட்டபோது சாயங்காலம் ஆகிவிட்டது. கத்திப் பார்த்தேன், குரல் வரவில்லை. இரண்டு விரலை வாயில் வைத்தேன். உதடு காய்ந்து முதலில் வெறும் காற்றுதான் வந்தது. விரலை எச்சிலாக்க எச்சிலும் இல்லை. மூன்றாவது முறை வந்தது சீழ்க்கை, டிப்போ வரைக்கும் கேட்கிற மாதிரி. குழாய் நின்றது. கதவைத் தட்டினாள், கூப்பிட்டாள். கடைசியில் ஜன்னல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே குதித்தாள். கையெல்லாம் ரத்தம்.

"சாவியை என்கிட்ட கொடுத்து வச்சிருக்கலாம்லக்கா" என்று மட்டும்தான் சொன்னாள். அவள் சொல்லித்தான் என் மகனுக்கு விஷயமே தெரிந்தது.

அன்று ராத்திரியே ஆஸ்பத்திரிக்கு வந்தான். முகம் வெளுத்துப்போய், என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். எனக்கும் அழுகை வந்தது. ஆனால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"காலைல கோடு எழும்பலையேடா. நீ பார்க்கலையா?"

"பார்த்தேனேம்மா. ஆறு மணிக்குக் கரெக்டா எழும்பியிருந்துச்சு. அதான் நான் ஒண்ணும் நினைக்கல. மீட்டர்ல ஏதோ கோளாறு போல. இங்க பாரு." ஃபோனை நீட்டினான்.

வெள்ளைத் திரையில் வரிசையாகக் கோடுகள். ஆறு மணிக்கு ஒன்று உயரமாக நின்றது. அழுத முகம் உண்மைதான். ஆனால் கட்டைவிரல் மட்டும் திரையின் மேல் மூலையில் அழுத்தமாக உட்கார்ந்திருந்தது.

"விரலை எடு."

"என்னம்மா?"

"விரலை எடுடா."

எடுத்தான். அங்கே நேற்றைய தேதி இருந்தது.

அவன்தான் பேசினான், கட்டிலின் கம்பியைப் பார்த்துக்கொண்டு. "நேத்தோட கணக்குதான்மா இன்னைக்கு வரும். அது அப்படித்தான் வேலை செய்யுது. ராத்திரிதான் அனுப்புது."

"பையை ராத்திரிதான் ஒப்படைப்பாங்க" என்றேன். "எப்பத்துலேருந்து தெரியும் உனக்கு?"

"முதல் வாரமே தெரியும்."

"ஏன் சொல்லல?"

"நீ சந்தோஷமா இருந்த. எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்த. சொன்னா மனசு உடைஞ்சுடுவன்னு..."

"சொன்னா மறுபடியும் ஃபோன் பண்ணச் சொல்லுவேன்னு."

அவன் மறுக்கவில்லை. மறுத்திருந்தால்கூடக் கொஞ்சம் ஆறியிருப்பேன்.

"அதையாவது தினமும் பார்த்தியா?"

அவன் குனிந்து என் போர்வை நுனியைச் சரிசெய்தான். எத்தனை காலை நான் அந்தப் பெட்டியைப் பார்த்து எந்திரிச்சாச்சுடா என்று சொல்லியிருப்பேன். காய்ச்சலோடு எழுந்து வந்து யாருக்காகத் தண்ணீர் கொதிக்க வைத்தேன்? மீட்டர் பொய் சொல்லவில்லை. மாட்ட வந்த ஆளும் பொய் சொல்லவில்லை. ஊர் பேர் தெரியாதவர்களெல்லாம் உண்மையைச் சொல்ல, நான் பெற்றது என் காதில் பூச்சுற்றிவிட்டது. இடுப்பு எலும்பு வலியெல்லாம் ஒரு வலியா?

மறுநாள் காலை அவன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தான். மேசையில் இருந்த அவன் ஃபோன் ஒரு முறை ஒலித்தது. கழுத்தைத் திருப்பிப் படித்தேன். 'நேற்று உங்கள் வீட்டில் வழக்கத்தைவிட மிகக் குறைவாக மின்சாரம் பயன்படுத்தியுள்ளீர்கள். பாராட்டுகள்.' பக்கத்தில் ஒரு பச்சை இலை படம். சிரிப்பு வந்தது. சிரித்தால் இடுப்பு வலித்தது. அவனை எழுப்பவில்லை.

இப்போது வீட்டுக்கு வந்துவிட்டேன். நடக்கக் கைப்பிடிச் சட்டம் கொடுத்திருக்கிறார்கள். ஜன்னலுக்குப் புதுக் கண்ணாடி போட்டாகிவிட்டது. சாவியை அவன் கையாலேயே நர்ஸிடம் கொடுக்க வைத்தேன். அவள் கையில் கட்டு இருந்தது. அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கேமரா மாட்டித் தருகிறேன், உடனுக்குடன் காட்டும் என்றான். உன் சாமான் ஒன்றும் வேண்டாம் என்றேன்.

ஊருக்குப் போனதும் பழையபடி காலையில் ஃபோன் செய்ய ஆரம்பித்தான். முதல் நாள் அது அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். எடுக்க வேண்டும் போலத்தான் இருந்தது. சுவரில் நர்ஸ் இரண்டு தட்டு தட்டினாள், கரண்டியை எடுத்துப் பதில் தட்டினேன். மதியமும் இரவும் அவன் கூப்பிட்டான். எடுக்கவில்லை. பிறகு நர்ஸுக்கு ஃபோன் செய்து நான் நன்றாக இருக்கிறேனா என்று கேட்டுக்கொண்டானாம்.

மறுநாள் ஆறு மணிக்கு மறுபடியும் ஃபோன் அடித்தது. எடுத்தேன். பின்னால் ரயில் அறிவிப்புச் சத்தம்.

"அம்மா? நேத்து பூரா நீ எடுக்கவே இல்லையேம்மா. எப்படி இருக்க?"

"நேத்து நல்லாத்தான் இருந்தேன்."

"இன்னைக்கு எப்படி இருக்கம்மா?"

"இன்னைக்குக் கணக்கு நாளைக்கு வரும்" என்று சொல்லி ஃபோனை வைத்தேன்.