பேச்சிக்கு வந்த தலையிடி

என் மனைவி பேச்சியம்மாவுக்கு வெள்ளிக்கிழமை தொடங்கிய தலையிடி ஞாயிறு காலையிலும் விடவில்லை. அவளுக்குச் சிறுநீரகத்தில் கோளாறு. நோவுக் குளிசை எதையும் விழுங்கக்கூடாது என்று கிளினிக்கில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். அதனால் வைத்தியம் என் தலையில் விழுந்தது. எனக்கோ பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது.

முதலில் நெற்றியில் ஈரத்துணி போட்டேன். மறுநாள் சுக்கு உரைத்துப் பத்துப் போட்டேன். கதவு ஜன்னலைச் சாத்தி இருட்டில் படுக்கவைத்தேன். விசுவமடு வெயிலுக்குத் தகரக் கூரையின் கீழ் ஆள் அவிந்து போனாள்.

"வயலுக்குப் பசளை போடுற நேரத்தில இது வேற" என்று கத்தினேன். அதில் இடி இன்னும் கூடியது.

கடைசியாக இஞ்சி தட்டி, சாயம் கூட்டி, பால் விடாத பிளேன்ரீ ஒன்று ஊற்றிக்கொண்டு போனேன். நாங்கள் மலையகத் தோட்டங்களிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள். பேச்சி ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தரம் தேத்தண்ணி குடிப்பவள். அன்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வேண்டாம். நேர்த்தி."

"என்ன நேர்த்தி?"

"உங்கட வாயில வெள்ளைப் படை இருக்கு, புகையிலைய விடாட்டி புற்றுநோயாகும் எண்டு டொக்டர் சொன்னவரெல்லோ. நீங்கள் அண்டைக்கே புகையிலைய விட்டிட்டீங்கள். நானும் பிடிச்சதை விட்டால் அம்மன் உங்களைக் காப்பாத்துவா எண்டு வெள்ளிக்கிழமையோட தேத்தண்ணிய விட்டிட்டன்."

பதில் சொல்ல வாயைத் திறக்க முடியவில்லை. கன்னத்துக்குள் ஒரு துண்டுப் புகையிலை ஊறிக்கொண்டிருந்தது. மூன்று நாளாக நான் வைத்தியம் பார்த்தது தேத்தண்ணியை விட்டதில் வந்த தலையிடிக்கு, என் பொய்யால் நானே கொடுத்த தலையிடிக்கு. வெட்கமாகப் போய்விட்டது.

கிணற்றடியில் போய்த் துப்பினேன். லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டிக்குள் ஒளித்து வைத்திருந்த மிச்சத்தையும் எடுத்துவந்து அவள் மடியில் போட்டேன்.

"அப்ப நான் சும்மாவோ கிடந்து துடிச்சனான்?" என்று அழுதாள். அழுது முடித்துப் புகையிலையை அடுப்பில் போட்டாள். ஆறிப்போன தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்தாள்.

"அம்மனுக்கு நான் சமாதானம் சொல்லுறன். இனி நீங்கள் விடுங்கோ."

மத்தியானத்துக்குள் எழுந்து சோறு வடித்துவிட்டாள்.

திங்கட்கிழமை எனக்குத் தலையிடி தொடங்கியது. புகையிலை இல்லாமல் மண்டை பிளந்தது. பேச்சி மிச்சச் சுக்கை உரைத்துக்கொண்டு வந்தாள்.

"எனக்குச் சிறுநீரகம் நல்லாத்தானே இருக்கு. ஒரு குளிசை தாவன்" என்றேன்.

"தரமாட்டன்" என்று சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்தினாள்.