வெளியிலிருந்து மட்டும் திறக்கும் கதவு

எங்கள் காருக்கு நான்கு கதவு. உள்ளே இருந்து திறக்கக்கூடியது அதில் ஒன்றுகூடக் கிடையாது. கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது.

நான் உட்காரும் பக்கத்துக் கதவை எவனோ இடித்து நசுக்கிவிட்டான். அது ஓட ஓடத் திறந்துகொள்கிறது என்று என் வீட்டுக்காரர் உள்ளிருந்து ஓர் இரும்புப் பட்டை வைத்து முடுக்கி, ஒரேயடியாக மூடிவிட்டார். அடுத்து, அவர் பக்கத்துக் கதவில் உள்கைப்பிடியின் கம்பி அறுந்தது. பின்கதவுகளிலிருந்து கம்பியை உருவி இதில் மாட்டப் பார்த்தார். நீளம் போதவில்லை. உருவியதைத் திரும்பப் போடவும் தெரியவில்லை. பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காய் முடிந்த கதை. அதற்குப் பிறகு, இறங்க வேண்டுமென்றால் அவர் பட்டனை அழுத்தித் தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்குவார். கையை வெளியே விட்டு வெளிக்கைப்பிடியை இழுத்துத் திறப்பார். நான் அவர் சீட்டின் மேல் ஊர்ந்து பின்னாலேயே வெளியே வருவேன். நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு போகும் நாட்களில் அழுகையாக வரும்.

அவர் வேலை பார்த்த அச்சகத்தை மூடியதிலிருந்து கையில் காசு நிற்பதில்லை. அதனால் எல்லாம் "நானே பாத்துக்கறேன்"தான். மெக்கானிக்கிடம் ஒரு தடவை காட்டலாம் என்றால், "அவன் கைய வச்சா சொத்தையே எழுதி வாங்கிடுவான்" என்பார். காலையில் எழுந்ததும் காருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வார். என் நாத்தனார் அந்தக் காருக்குச் சின்ன வீடு என்றே பெயர் வைத்துவிட்டாள். "அண்ணன் எப்பப் பாத்தாலும் அதுலதான இருக்காரு, அண்ணி" என்பாள். நானும் சிரித்து வைப்பேன். வேறு என்ன செய்வது? வேலை போன மனிதருக்கு அது ஒன்றுதான் தன் கைக்கு அடங்கிய விஷயமாக இருந்தது. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாய் வராமலே நாட்கள் போயின.

இப்படி இருக்கும்போது ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைப் பிரிவில் மேற்பார்வைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்தது. எழுதிப் போட்டேன், கூப்பிட்டுவிட்டார்கள். இந்த வேலை கிடைத்தால் வீடு நிமிர்ந்துவிடும். கிடைக்காவிட்டால் அடுத்தது என் கழுத்துச் சங்கிலிதான். இரண்டு பேருக்கும் அது தெரியும், பேசிக்கொள்ளவில்லை. "நான் கொண்டுபோய் விடறேன்" என்றார். மறுக்க முடியுமா?

நன்றாகத்தான் ஓட்டி வந்தார். மருத்துவமனையின் நிலத்தடி வண்டி நிறுத்துமிடத்தில், ஒரு மூலையில் தூணை ஒட்டி வண்டியை நிறுத்தினார். நேரம் நிறையவே இருந்தது. "பாத்தியா, ஒரு இருமல் கிடையாது" என்று ஸ்டியரிங்கைத் தட்டிக் கொடுத்து, எஞ்சினை அணைத்தார். கண்ணாடியை இறக்கப் பட்டனை அழுத்தினார். கண்ணாடி அசையவில்லை. மறுபடி அழுத்தினார். சாவியைத் திருப்பினார், சத்தமே இல்லை. ஹாரனும் அடிக்கவில்லை.

"பேட்டரி இறங்கிடுச்சு" என்றார்.

"எப்படிங்க இறங்கும்? அதுக்கு ஒரு செவப்பு விளக்கு எரியும்னு சொன்னீங்களே."

அவர் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்த மீட்டர் பலகையைப் பார்த்தார். அந்தச் சிவப்பு விளக்கு பத்து நாளாக எரிந்துகொண்டே இருந்ததாம். கண்ணைக் குத்துகிறது என்று அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டியிருக்கிறார். பழைய டீசல் வண்டி, ஓட ஆரம்பித்துவிட்டால் கரண்ட் இல்லாமலே ஓடும். அதனால் வந்து சேரும்வரை எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை.

என் போனில் சிக்னல் இல்லை. அவர் போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது. ஸ்பானரும் சுத்தியலும் பின்னால் டிக்கியில் இருந்தன. கல்லைக் கண்டால் நாயைக் காணோம் என்பது இதுதான்.

ஒரு ஆள் பையோடு லிப்ட் பக்கம் போனான். வெளியிலிருந்து கைப்பிடியை ஒரு இழுப்பு இழுத்தால் போதும், நாங்கள் விடுதலை. நான் கண்ணாடியைப் படபடவென்று அடித்துக் கத்தினேன். அவரும் சேர்ந்து கையை ஆட்டினார். அந்த ஆள் ஒரு நொடி பார்த்தான். புருஷன் பெண்டாட்டி சண்டை என்று நினைத்திருப்பான். நமக்கெதற்கு வம்பு என்று தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடந்துவிட்டான். அவனுக்குப் பிறகு அந்தப் பக்கம் யாரும் வரவில்லை.

உள்ளே காற்று புழுங்க ஆரம்பித்தது. இஸ்திரி போட்ட துணி முதுகில் ஒட்டியது. லிப்ட் கதவு தூரத்தில் தெரிந்தது, அதையும் போனில் மணியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சாவிக்கொத்தில் இருந்த சின்னத் திருப்புளியால் தன் பக்கத்துக் கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றத் தொடங்கியிருந்தார்.

"கம்பிய உள்ள இருந்தே இழுத்துடலாம். ஒரு பத்து நிமிஷம் குடு."

"நேரமாச்சுங்க."

"பதறாத. பதறுன காரியம் சிதறும்."

அவர் முகத்தைப் பார்த்தேன். வியர்வை வழிந்தது, ஆனால் முகத்தில் தவிப்பு இல்லை. நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றி மடியில் பத்திரமாக வைத்துக்கொண்டிருந்தார். இந்த மனிதர் மாட்டிக்கொள்ளவில்லை, மாட்டிக்கொண்டது நான் மட்டும்தான் என்று அப்போது புரிந்தது. எனக்கு அவர்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது.

சீட்டின் தலைச் சாய்மானத்தைப் பிடித்து இழுத்தேன். இரண்டு கம்பியோடு கையில் வந்தது.

"என்ன பண்ற? ஏய், அது கம்பெனிலேர்ந்து வந்த கண்ணாடி. அது ஒண்ணுதான் ஒரிஜினலா மிச்சம் இருக்கு."

"இருந்துட்டுப் போகட்டும்" என்று சொல்லி அந்தக் கம்பியால் என் பக்கத்துக் கண்ணாடியை ஓங்கிக் குத்தினேன். மூன்றாவது குத்தில் கண்ணாடி கல்கண்டு மாதிரிப் பொலபொலவென்று உதிர்ந்தது. கைப்பையை முதலில் வெளியே போட்டேன், பிறகு நானும் விழுந்தேன். சுற்றி வந்து அவர் கதவைத் திறந்துவிட்டேன். அவர் இறங்கவில்லை. மடியில் கதவு அட்டை இருந்தது.

"நீ போ. நான் இத முடிச்சுட்டு இருக்கேன்" என்றார்.

மேலே என் பெயரைக் கூப்பிட்டு முடித்துவிட்டிருந்தார்கள். கெஞ்சினேன். கடைசியில் பார்க்கலாம் என்று உட்காரவைத்தார்கள். தலையிலிருந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கிக் கைப்பைக்குள் போட்டபடி உட்கார்ந்திருந்தேன். உள்ளே ஒரு அம்மா என்னென்னவோ கேட்டார், சொன்னேன். கடைசியாக, "விடிகாலை ஷிப்ட்மா. எப்படி வருவீங்க?" என்றார்.

"பஸ்ல வந்துடுவேன் மேடம்" என்றேன். யோசிக்கவே இல்லை.

கீழே வந்தபோது அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். "என்ன ஆச்சு?" என்றார்.

"கெடச்சிருச்சுங்க. திங்கக்கிழமை வரச் சொல்லிட்டாங்க."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பொய்யில்லாத சந்தோஷம். "எனக்குத் தெரியும். இனிமே தினம் நானே கொண்டுவந்து விடறேன். பஸ்ஸுக்கு எதுக்குக் காசு? எனக்கும் வேற என்ன வேலை?" என்றார்.

பஸ் என்று மேலே சொன்னதை நான் சொல்லவில்லை. எனக்கும் வேற என்ன வேலை என்று அவரே கேட்ட பிறகு எப்படிச் சொல்வது?

"இங்க பாரு, உள்ள இருந்து திறக்க வழி பண்ணிட்டேன்" என்று காட்டினார். ஒரு ஷூவின் லேஸை உருவிக் கதவுக்குள் கட்டியிருந்தார். "முதல்ல வண்டிய உயிர்ப்பிப்போம். நீ தள்ளு, கியர்ல போட்டா பிடிச்சுக்கும்" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

மேலே வாசலில் நின்ற காவலாளியைப் போய்க் கூப்பிட்டேன். நல்ல மனிதர், தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு வந்து தோள் கொடுத்தார். மூச்சு முட்டத் தள்ளினோம். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி, கரும்புகையைக் கக்கிக்கொண்டு ஓடத் தொடங்கியது. அவர் வேகத்தைக் குறைத்து லேஸை இழுத்தார். இன்னொரு தரம் இழுத்தார். லேஸ் முழுசாகக் கையோடு வந்துவிட்டது. என் பக்கத்து ஜன்னல் வழியாக வெளியே வர அவர் தொப்பை இடம் கொடுக்காது. நான் உள்ளே போகவேண்டுமானால் அவர் வண்டியை நிறுத்தவேண்டும்.

உடைந்த ஜன்னல் வழியாகச் சத்தம் போட்டார். "இப்பதான் பிடிச்சிருக்கு, நிறுத்துனா அணைஞ்சுடும். நீ பஸ்ல வந்துடு. வந்து கதவத் திற."

சரிவில் ஏறி வண்டி வெளிச்சத்துக்குள் போனது. காவலாளி என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். "கதவத் திறக்க வீட்டுல வேற யாரும் இல்லீங்களா?" என்றார். இல்லை என்றேன்.

பஸ் நிறுத்தம் வாசலிலேயே இருந்தது. ஓர் அரை மணி நின்ற பிறகு எங்கள் பக்கம் போகும் பஸ் வந்தது. கதவு தானாகத் திறந்தது. இந்நேரம் அவர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியிருப்பார். எஞ்சின் அணைந்திருக்கும். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அக்கம்பக்கத்தில் யாரையாவது கூப்பிட்டால் உடனே வந்து திறப்பார்கள், ஆனால் அவர் கூப்பிடமாட்டார். கையில் லேஸை வைத்துக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பார்.

"ஏறுறீங்களாம்மா?" என்றார் ஓட்டுநர்.

"நீங்க போங்க. நான் அடுத்ததுல வரேன்" என்று சொல்லிவிட்டு நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்தேன்.