ஒழுகுதா, இல்லையா?

ரப்பர் திங்கட்கிழமையே வந்துவிட்டது. இன்னும் வரவில்லை என்று மனைவியிடம் சொன்னேன். இருபத்து மூன்று வருடக் குடித்தனத்தில் நான் சொன்ன பொய்களுக்குப் பஞ்சமில்லை. நன்றாக இல்லாத புடவையை நன்றாக இருக்கிறது என்றிருக்கிறேன், மறந்துபோன மருந்தைக் கடையில் இல்லை என்றிருக்கிறேன். அதெல்லாம் சில்லறை. இது அந்த வகையில் சேராது என்று சொல்லும்போதே எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன்.

எங்களிடம் ஒரு பழைய ஜீப் இருக்கிறது. எங்கள் கல்யாணத்தைவிட இரண்டு வயது மூத்தது. என் மனைவி மாட்டு டாக்டர். எந்தக் காட்டில் எந்த மாடு படுத்துவிட்டாலும் அந்த ஜீப்பில்தான் போவாள். நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன், எங்கும் போக மாட்டேன். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு லாரிச் சக்கரத்திலிருந்து தெறித்த கல் ஜீப்பின் முன்கண்ணாடி ஓரத்தில் பட்டது. முதலில் மிளகளவுக்கு ஒரு வடு. அது கோடாக நீண்டு, ஓட்டுகிறவர் முகத்துக்கு நேரே வந்து நின்றது. கண்ணாடியைச் சுற்றியிருந்த ரப்பர் அதற்கு முன்பே காய்ந்து வெடித்திருந்தது. மழை பெய்தால் தண்ணீர் நேராக அவள் மடிக்குத்தான் வரும். மடியில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு ஓட்டுவாள். "இந்த வாரம் பாக்கறேன்" என்று நான் மூன்று மழைக்காலமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் மலைமேல் இருக்கும் கால்நடை மருத்துவமனைக்கு அவளைக் கேட்டுக் கடிதம் வந்தது. அங்கே மூன்று வருடமாக மாட்டு டாக்டர் இல்லை. ஐந்து வருடத்துக்கு முன்பும் ஒரு தடவை கேட்டார்கள். மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கடைசி வருடம், அதனால் முடியாது என்று எழுதிக் கொடுத்தாள். இப்போது மகள் படிப்பை முடித்து வேலைக்கு வேறு ஊர் போய்விட்டாள். இந்தத் தடவை சரி என்று எழுதிக் கொடுத்தாள். இரண்டு வருடம். அடுத்த திங்கட்கிழமை காலையில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போகும், மூன்றாவது முறை யாரும் கேட்க மாட்டார்கள். மலையில் கடைசி இருபது கிலோமீட்டர் கல்லும் மண்ணும்தான். மருத்துவமனைக்கு வண்டி கிடையாது. ஜீப் இல்லாமல் அங்கே டாக்டராக இருக்க முடியாது.

ஆக, ரப்பர் இல்லாவிட்டால் கண்ணாடி இல்லை, கண்ணாடி இல்லாவிட்டால் ஜீப் இல்லை, ஜீப் இல்லாவிட்டால் அவள் இங்கேயே இருப்பாள். இவ்வளவு மட்டமான யோசனை எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. வந்தது. ரப்பர்ச் சுருளைக் கடையில், யாரும் வாங்காத குளிர்கண்ணாடி ஃப்ரேம்கள் இருக்கும் கீழ் டிராயரில் திணித்துப் பூட்டினேன்.

தினமும் சாயங்காலம் கேட்பாள். "வந்துச்சா?"

"எங்க? நாளைக்கு நாளைக்குங்கறான்."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாங்கள் வாசலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தோம். உதிரிபாகக் கடைக்காரர் சைக்கிளில் போனவர், போகிற போக்கில் போயிருக்கலாம். இறங்கினார்.

"என்னக்கா, ரப்பர் பீடிங் சரியா உக்காந்துதா? திங்கக்கிழமை அண்ணன் வாங்கிட்டுப் போனதோட சரி, ஒரு தகவலும் இல்லையே."

என் முகத்தில் ஈயாடவில்லை. டீயை மென்று விழுங்கினேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

"இன்னும் போடலண்ணே. நாளைக்குப் போடறோம்" என்றாள், ரொம்பச் சாதாரணமாக.

அவர் போனபிறகு திட்டு விழும் என்று காத்திருந்தேன். டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சாப்பாடு போட்டாள். மகளிடம் போனில் சிரித்துச் சிரித்துப் பேசினாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. நானாக வாயைத் திறந்து மன்னிப்புக் கேட்டிருக்கலாம்தான். கேட்டால், ஏன் மறைத்தீர்கள் என்று கேட்பாள். நீ போகக் கூடாது என்று நான் சொல்ல வேண்டிவரும். அதைச் சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை. ஐந்து வருடத்துக்கு முன் அவள் அந்தக் கடிதத்தை எழுதிவிட்டு, குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுததைக் கேட்டவன் நான்.

சனிக்கிழமை காலை கடையைத் திறக்காமல், டிராயரை மட்டும் திறந்து ரப்பரை எடுத்துவந்தேன். அவள் ஏற்கெனவே பழைய நைட்டி ஒன்றின் மேல் என் சட்டையை மாட்டிக்கொண்டு தயாராக நின்றாள். பழைய ரப்பரைக் கத்தியால் அறுத்தோம். வெல்லப்பாகு இறுகின மாதிரி துண்டு துண்டாக வந்தது. கண்ணாடியை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிச் சுவரோரம் சாய்த்தோம். அடியில் இரும்பு விளிம்பு துருப்பிடித்திருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். அவள் ப்ரைமர் அடித்தாள். காயும்வரை இருவரும் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தோம். "வெயில் நல்லா இருக்கு" என்றேன். "ம்" என்றாள். இரண்டு மணி நேரத்தில் அதுதான் எங்கள் சம்பாஷணை.

புதுக் கண்ணாடியை நானே அளவெடுத்து வெட்டி வாங்கியிருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம். முப்பது வருடமாக ஃப்ரேமில் கண்ணாடி போடுகிறவன், இதுவும் ஃப்ரேம், இதுவும் கண்ணாடி, என்ன பெரிய வித்தை என்று அவளிடமே பீற்றிக்கொண்டவன்.

வித்தை இருக்கிறது. முதலில் ரப்பரைக் கண்ணாடியைச் சுற்றி மாட்ட வேண்டும். ரப்பரின் மறுபக்கத்தில் ஒரு பள்ளம் ஓடும், அதுதான் வண்டியின் இரும்பு விளிம்பைக் கவ்விக்கொள்ள வேண்டிய இடம். அந்தப் பள்ளத்துக்குள் சுற்றிலும் ஒரு நைலான் கயிற்றை வைத்து, இரண்டு நுனிகளையும் கீழே நடுவில் தொங்கவிட வேண்டும். சோப்புத் தண்ணீர் பூசி, வெளியிலிருந்து கண்ணாடியைப் பொருத்தியபிறகு, ஒருவர் வண்டிக்குள் உட்கார்ந்து கயிற்றை இழுப்பார். கயிறு வெளியே வர வர ரப்பரின் உதடு விளிம்பைத் தாண்டி உள்ளே ஏறும். இன்னொருவர் வெளியே நின்று உள்ளங்கையால் கண்ணாடியை அழுத்துவார். தனியாளாகச் செய்ய முடியாது.

நான் உள்ளே உட்கார்ந்தேன், அவள் வெளியே. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு முழ தூரத்தில் அவள் முகம். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குப் பிறகு அவளை நேருக்கு நேர் அப்போதுதான் பார்க்கிறேன். பார்க்க முடியாமல் கயிற்றை விறுவிறுவென்று இழுத்தேன். வலது மேல் மூலையில் ரப்பர் மடங்கிச் சுருண்டு உள்ளே போய்விட்டது. மறுபடி எல்லாவற்றையும் கழற்றினோம். மறுபடி கயிறு, மறுபடி சோப்புத் தண்ணீர். மறுபடி அதே மூலை, அதே மடிப்பு.

"எறங்குங்க" என்றாள்.

"இல்ல, இந்தத் தடவை வந்துடும்..."

"எறங்குங்கன்னேன். கன்னுக்குட்டி இழுக்கறவளுக்குக் கயிறு இழுக்கத் தெரியாதா? நீங்க என்னமோ தேர் இழுக்கற மாதிரி இழுக்கறீங்க. அது எடம் குடுக்கும்போதுதான் இழுக்கணும். குடுக்கலைன்னா சும்மா புடிச்சிட்டு நிக்கணும்."

இடம் மாறினோம். அவள் உள்ளே உட்கார்ந்து இரண்டு நுனிகளையும் கையில் சுற்றிக்கொண்டாள். நான் வெளியே. "கீழ அழுத்துங்க... இன்னும் கொஞ்சம் எடப்பக்கம்... அங்கதான், அங்கதான்." ஒரு விரற்கடை இழுப்பாள், நிறுத்துவாள். நான் தட்டுவேன். ரப்பர் கொஞ்சம் நெகிழும், அப்போது அடுத்த விரற்கடை. அவள் கை போகிற இடத்துக்கெல்லாம் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் என் கையும் போனது. அந்த வலது மேல் மூலை வந்ததும் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள், நானும் பிடித்துக்கொண்டேன். தாண்டிவிட்டது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். இந்த வேலை முடிந்தால் இவள் போய்விடுவாள் என்பதே அரை நிமிடம் எனக்கு மறந்துபோயிற்று.

கயிறு முழுதும் அவள் கைக்கு வந்துவிட்டது. கண்ணாடி உட்கார்ந்துவிட்டது.

"தண்ணி அடிச்சுப் பாத்துடலாம்" என்று இறங்கினாள். "நீங்க டிரைவர் சீட்ல உக்காருங்க. பொடிப்பொடியா எழுத்து பாக்கற கண்ணு உங்களுக்குத்தான். ஒரு சொட்டு வந்தாலும் சொல்லுங்க. வந்தா மறுபடி கழட்டி எல்லாம் முதல்லேர்ந்து. திங்கக்கிழமைக்கு முடியாது."

கடைசி வார்த்தைகளைச் சொல்லும்போது ஹோஸ் பைப்பைப் பார்த்தே சொன்னாள்.

தண்ணீர் கண்ணாடியில் அடித்தது. அவள் முகம் கரைந்துபோய், என் சட்டையின் நீலம் மட்டும் தெரிந்தது. நான் விரலை ரப்பரின் கீழ் ஓரமாக வைத்து நகர்த்திக்கொண்டே போனேன். காய்ந்திருந்தது. இடது மூலை, காய்ந்திருந்தது. இரண்டு தடவை மடங்கிய அந்த வலது மூலை, அங்காவது வரும் என்று நினைத்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், என் வாழ்நாளில் எதற்கும் நான் அப்படி ஏங்கியதில்லை. ஒரே ஒரு சொட்டு. அவளும் அந்த மூலையை விடவே இல்லை. மற்ற இடத்தில் ஒரு நிமிடம் அடித்தாள் என்றால் அங்கே ஐந்து நிமிடம் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தண்ணீர் நின்றது.

"ஒழுகுதா?"

ஒழுகுது என்று சொன்னால் போதும். அவள் வந்து சரிபார்க்க மாட்டாள். என் கண்ணை நம்பித்தான் உள்ளே உட்காரவைத்திருக்கிறாள், அதுவும் திங்கட்கிழமையிலிருந்து வெள்ளிக்கிழமைவரை நான் செய்த காரியம் தெரிந்த பிறகு. அந்த மூலையை இன்னொரு தடவை விரலால் தடவினேன்.

"என்னங்க? ஒழுகுதா, இல்லையா?"

"இல்ல" என்றேன். "ஒரு சொட்டு இல்ல. நல்லா உக்காந்துடுச்சு."

அவள் ஹோஸைக் கீழே போட்டுவிட்டுச் சுற்றி வந்து, மறுபக்கக் கதவைத் திறந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். சட்டை முழுக்க நனைந்திருந்தது. வலது மூலையில் அவளும் எட்டி விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு விரலைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டாள்.

"ஒழுகும்னு நெனச்சேன்" என்றாள்.

"நானும்தான்."

"ஒழுகணும்னு நெனச்சேங்க."

நான் திரும்பிப் பார்த்தேன். அவள் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க ரப்பரை ஒளிச்சு வெச்சீங்கன்னு தெரிஞ்சப்ப எனக்குக் கோவமே வரல. அப்பாடான்னு இருந்துச்சு. இவர் மேல பழியைப் போட்டுட்டு இங்கயே இருந்துடலாம்னு. ராத்திரி பூரா அதான் ஓடுச்சு மனசுல. போன தடவை பொண்ணு மேல போட்டேன். இந்தத் தடவை உங்க மேல. அப்புறம் கெழவியாகி, உங்களாலதான் போகலைன்னு உங்களைச் சொல்லிக்காட்டிட்டே இருந்திருப்பேன்." மூக்கை உறிஞ்சினாள். "பயமா இருக்குங்க. மூணு வருஷமா டாக்டரே இல்லாத எடம். என்னால முடியலைன்னா?"

நான் பெரிய பேச்சாளி இல்லை. இரண்டு வருடம் அவள் இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை, அதனால்தான் மறைத்தேன், தப்புதான் என்று சொன்னேன். சொல்லும்போது அழுதுவிட்டேன். அவள் என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கப் பார்த்தாள். ஈரச் சட்டையால் துடைத்ததில் இன்னும் மோசமாகிவிட்டது.

"நீ போ" என்றேன். "ரெண்டு தடவை நான் கெடுத்த மூலையை ஒரே தடவைல ஏத்தினவ நீ. உன்னால முடியாம வேற யாரால முடியும்?"

அவள் என் மூக்கில் கண்ணாடியைத் திரும்ப மாட்டினாள். பிறகு என்னை முழங்கையால் இடித்தாள்.

"நகருங்க. நான் அந்த சீட்ல உக்காரணும். நீங்க போய்த் தண்ணி அடிங்க."

"அதான் பாத்தாச்சே."

"அப்ப ரெண்டு பேரும் ஒழுகணும்னு பாத்தோம், இப்ப ஒழுகக் கூடாதுன்னு பாப்போம். போங்க."

இறங்கிப் போனேன். ஹோஸின் வாயைக் கட்டைவிரலால் நெரித்து, மலையில் எந்த மழையும் அடிக்க முடியாத வேகத்தில் அடித்தேன். மேல் ஓரம், கீழ் ஓரம், நான்கு மூலை, பக்கவாட்டிலிருந்து, குனிந்து கீழிருந்து மேலாக. இந்தத் தடவை ஒரு சொட்டும் உள்ளே போய்விடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன். போனால் அவள் நனைவாள். நான் பக்கத்தில் இருக்க மாட்டேன். செருப்பு முழுக்கச் சேறு, காது முழுக்கத் தண்ணீர். நிறுத்தச் சொல்லி அவள் உள்ளே இருந்து கையை ஆட்டியதைக்கூட நான் கவனிக்கவில்லை. கடைசியில் ஹாரனை அடித்தாள்.

ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். "என்ன, ஒழுகுதா?"

"இல்லங்க" என்றாள். சிரித்தாள். "நாளைக்கு மத்தியானம் கெளம்பணும். திங்கக்கிழமை கடையைத் திறக்காதீங்க, நீங்களும் வாங்க."

"வரேன். தார் ரோடு முடியற வரைக்கும் நான் ஓட்டறேன். அதுக்கப்புறம்..."

"வேணாம். வாசல்லேர்ந்தே நான்தான் ஓட்டுவேன்" என்றாள். "நீங்க பக்கத்துல உக்காந்துக்கங்க."