தலைவர் வீட்டுக் கால்கள்

"டாக்கிளுக்கு ரெண்டு. பத்துக்கு ரெண்டு," என்று தாளைப் பாயில் போட்டாள் விலிமைனா. மரவள்ளிக்கிழங்கு ஆறிக்கொண்டிருந்தது. அவள் புருஷன் சைருசி மீனில் முள் பொறுக்குவதில் மும்முரமானான். முள்ளே இல்லாத துண்டு அது.

தாளை எழுதியவர் தலைநகர் சுவாவிலிருந்து வந்த ரக்பி தேர்வாளர் தொமாசி. சைருசிக்கு உயரப் பந்தைப் பிடிப்பதில் ஒன்பது, உதைப்பதில் எட்டு, இடமறிந்து நிற்பதில் ஒன்பது. பந்தோடு ஓடி வருபவனைப் பிடித்து வீழ்த்தும் டாக்கிளில்தான் இரண்டு. ஃபுல்பேக் என்பவன் கடைசி ஆள். அவனைத் தாண்டினால் கோடுதான், எதிரணிக்குப் புள்ளிதான். அந்தக் கடைசி ஆள் போன ஆட்டத்தில் மூன்று முறை ஒதுங்கி வழிவிட்டிருக்கிறான். 'பயம்' என்று எழுதியிருந்தார். சனிக்கிழமை ஆட்டத்திலும் இப்படியென்றால் மாகாண அணி கிடையாது.

"மூணு தடவையும் ஒரே ஆளுக்குத்தானே ஒதுங்குன?"

"எப்பெலி ஊர்த் தலைவரோட தங்கச்சி மகன், விலி. அந்த வீட்டுக்கு மீன் பிடிச்சுக் குடுக்கிற வம்சம் நாம. அவர் மேல எப்படி விழுறது?"

தலைவரின் தங்கை மகன் ஊரில் எதையும் கேட்காமல் எடுக்கலாம். எப்பெலி அந்த உரிமையைத் துருப்பிடிக்க விட்டதில்லை.

"பன்னியை எடுத்தாரு, சரி. படகை எடுத்தாரு, சரி. இப்ப மாகாண அணியில உன் இடத்தையும் எடுக்கிறாரு. நீ மீனைப் பாரு."

அன்று சைருசி தூங்கவில்லை என்று கேள்வி.

சனிக்கிழமை எப்பெலி எதிரணியிலிருந்து பந்தோடு வந்தார், சொந்தக் கூடத்தில் நடப்பவர்போல. சைருசி குனிந்தான். முழங்காலுக்குக் கீழே கட்டிப் பிடித்தான். தலைவர் வீட்டுக் கால்கள் இரண்டும் வானத்தைப் பார்த்தன.

சைருசி எழுந்து, மண்டியிட்டு, உள்ளங்கைகளைக் குவித்து மெதுவாகத் தட்டினான். பெரிய வீட்டாரிடம் மன்னிப்புக் கேட்கும் முறை அது. தட்டி முடியும்வரை பெரிய வீட்டார் அமர்ந்து ஏற்கவேண்டும். பாதியில் எழுந்தால் தன் வீட்டு மரியாதையைத் தானே மிதித்ததாகும். எப்பெலி அமர்ந்தார். உருண்ட பந்தை எடுத்துக்கொண்டு சைருசியின் கூட்டாளிகள் எதிரணிக் கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுத்துவிட்டார்கள்.

இப்படி மூன்று தடவை.

"என்னம்மா நடக்குது?" என்றார் தொமாசி விலிமைனாவிடம், பேனாவைப் பிடித்தபடி.

"மன்னிப்புக் கேக்குறாரு சார். நீங்க எழுதுங்க."

ஆட்டம் முடிந்ததும் எப்பெலியின் அம்மா நேரே வந்தார். "என்னடி இதெல்லாம்?"

விலிமைனா பணிவாகத் தலை குனிந்தாள். "மரியாதைல குறை இருந்தாச் சொல்லுங்கம்மா. இன்னொரு தடவை கீழ தள்ளிட்டு, நிதானமாத் தட்டச் சொல்றேன்."